புதன்கிழமை ஊசிக்குப் போகிறீர்களா?

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள் புதன்கிழமை. கிராம சுகாதார செவிலியரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். தடுப்பூசிப் பதிவுக்கான யூ-வின் தளத்தில் செல்போன் எண் கொடுத்தும் பதியலாம். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலந்துவிட்டால் 4 மணி நேரம்தான் வைத்திருக்கலாம், அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. தாய் சேய் நல அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள்; அடுத்த தேதியை அதிலேயே குறித்து வாங்குங்கள். 6, 10, 14 வாரத்து ஊசிகளைப் பெரும்பாலும் தொடையில் போடுவார்கள், அதனால் சட்டென்று கழற்றக்கூடிய உடை போதும். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு தவணை தவறிவிட்டதா? திட்டுவார்களோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே போடுவார்கள். ஊசி போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.