சோனி நிறுத்தியது எந்த டிஸ்க்கை?

டிஸ்க் போட்டுப் படம் பார்ப்பதாக யாராவது சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஆரம்பித்துவிடுகிறார்: “ப்ளூ-ரேயை சோனியே நிறுத்திட்டானே, தெரியாதா?” 2025 தொடக்கத்தில் கிளம்பிய பேச்சு இது. செய்தியின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பரப்பியவர்கள் இன்னும் ஓயவில்லை.

அந்த ஜனவரியில் சோனி அறிவித்தது இவ்வளவுதான்: பதிவு செய்வதற்கான வெற்று ப்ளூ-ரே டிஸ்க், மினிடிஸ்க், மினிடிவி (MiniDV) கேசட் ஆகியவற்றின் தயாரிப்பு பிப்ரவரியோடு முடிகிறது. ஜப்பானியர்கள் டிவி நிகழ்ச்சிகளை ரெக்கார்டரில் பதிந்து வைக்க வாங்கும் சரக்கு அந்த வெற்று டிஸ்க். தலைப்பிலிருந்து ‘வெற்று’ என்ற ஒரு சொல் உதிர்ந்தது. உலகம் முழுக்க ப்ளூ-ரேக்குக் கருமாதி நடந்துவிட்டது.

வெற்று டிஸ்க்கும் பட டிஸ்க்கும் பிறக்கும் விதமே வேறு. வெற்று டிஸ்க்கில் பதிவுக்கென்று ஒரு படலம் உண்டு. வீட்டிலுள்ள ரெக்கார்டரின் லேசர் அதைச் சுட்டு எழுதுகிறது. கடையில் வாங்கும் பட டிஸ்க்கை யாரும் எழுதுவதில்லை. அச்சு வெல்லம் மாதிரி, உருகிய பாலிகார்பனேட்டை உலோக அச்சில் அழுத்தி, முழுப் படத்தையும் நுண்ணிய குழிகளாக ஒரே அமுக்கில் வார்க்கிறார்கள். மேலே ஒளி திருப்பும் பூச்சு, அதன்மேல் 0.1 மில்லிமீட்டர் காப்புப் படலம். முதல் வகை நின்றதால் இரண்டாவதும் நின்றது என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

பட டிஸ்க் சாகவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 2023 நவம்பரில் ‘ஓப்பன்ஹைமர்’ 4கே டிஸ்க் வந்த முதல் வாரத்திலேயே அமெரிக்கக் கடைகளில் தீர்ந்துபோனது. யூனிவர்சல் அவசரமாக மறுபடி சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கிரைட்டீரியன் நிறுவனம் 4கே வரிசையைத் தொடங்கியதே 2021-இல்தான், அதுவும் 1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தோடு.

சந்தை இளைத்திருப்பது உண்மை. பிளேயர் தயாரிப்பிலிருந்து ஓப்போ 2018-இல் விலகியது. அடுத்த ஆண்டு சாம்சங் அமெரிக்காவில் புது மாடல்களை நிறுத்தியது. இதைச் சொல்லி வருத்தப்படட்டும், நியாயம். இல்லாத செய்தியைச் சொல்லி வேண்டாம்.

ஓடிடியில் 4கே பார்ப்பதும் டிஸ்க்கில் பார்ப்பதும் ஒன்று என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 4கே பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 100 ஜிபி 4கே டிஸ்க்கின் உச்ச வரம்பு 128. பழைய ப்ளூ-ரேயே படத்துக்கு மட்டும் 40 வரை தரும். 2019-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் எபிசோடில் ஒன்றும் தெரியவில்லை என்று ஊரே புலம்பியதே, அமுக்கப்பட்ட ஒளிபரப்பில் கருமை கட்டம் கட்டமாக உடைந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ப்ளூ-ரேயோடு போட்டியிட்ட எச்.டி. டிவிடி தோற்றது தரக்குறைவால் என்பது இன்னொரு கட்டுக்கதை. இரண்டிலும் அதே 405 நானோமீட்டர் லேசர், அதே வீடியோ கோடெக்குகள். கொள்ளளவில்தான் 30-க்கு 50 ஜிபி. 2008 ஜனவரி 4 அன்று பட நிறுவனமான வார்னர் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19 அன்று எச்.டி. டிவிடியின் தோஷிபா கையைத் தூக்கியது. நீலப்பட கம்பெனிகள்தான் வெற்றியைத் தீர்மானித்தன என்பதோ வெறும் டீக்கடைப் பேச்சு. அவற்றில் சில முன்னணி கம்பெனிகள் முதலில் நின்றது எச்.டி. டிவிடி பக்கம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது டிஸ்க் டிரைவைப் பற்றி. 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் அது கிடையாது, தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில், பிளேஸ்டேஷனில் டிஸ்க் இல்லாமல் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளே பயனர்களின் கணக்கிலிருந்து அகற்றப்படும் என்று சோனி அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியபின் புது ஒப்பந்தம் போட்டுத் தப்பித்தது. இதற்கெல்லாம் குரல் எழுப்பாதவர்கள்தான் வெற்று டிஸ்க்குக்கு ஒப்பாரி வைக்கிறார்கள். கேம் கன்சோல் வாங்குகிறவர்கள் டிரைவ் உள்ள மாடலாகவே கேட்டு வாங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து டிஸ்க் தருவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் வரும் சாதாரண ப்ளூ-ரே, ஏ அல்லது பி மண்டலத்துக்கெனப் பூட்டியதாக இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் சி.