லேப்டாப்பா, டேப்லெட்டா?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஏழு வருடப் பழைய லேப்டாப்பைத் தள்ளிவிட்டு டேப்லெட் வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இனி எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்? பேப்பர் படிக்க, பேரனோடு வீடியோ காலில் பேச என்றால் டேப்லெட்டே சுகம். மடியில் வைத்தால் சுடாது. எக்செல் கணக்கு, பக்கம் பக்கமாகத் தமிழ் டைப்பிங் உண்டென்றால் லேப்டாப்பை விடாதீர்கள். மெதுவாக ஓடினால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள், ஆளே மாறிவிடும்!

விண்டோஸ் 10 என்றால்தான் சிக்கல். 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் அதன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டது. 11-க்கு மாற முடியாவிட்டால் அதில் பேங்க் வேலை வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறீர்களா? டெலீட் செய்த ஃபைல்களை மீட்டுவிடலாம். 'ரீசெட்' செய்யும்போது டிரைவை முழுக்கத் துடைக்கும் வசதியையும் தேர்ந்தெடுங்கள்.