நிலப்பூசணி: பெயரும் கொடியும் பெருக்கும் முறையும்

ஐதராபாத் மாநகரின் வடபகுதியில், செகந்திராபாத் படைமுகாமை அடுத்துள்ளது அல்வால். இவ்வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் நெடுநாளாக அருகருகே வழங்கிவருகின்றன. இங்கு வாழும் தமிழர் ஒருவர் நாட்டுமருந்துக் கடையில் நிலப்பூசணிக் கிழங்கு வேண்டுமெனக் கேட்டால், கடைக்காரர் அதனை ‘நேல கும்மடி’ எனப் புரிந்துகொள்வார். நேல என்பது நிலம். கும்மடி என்பது பூசணி. மொழிமாற்றத்தில் பிழை ஏதுமில்லை. ஆயினும், கைக்கு வந்து சேரும் உலர்ந்த வில்லைகள் எந்தச் செடியினுடையவை என்பதற்கு அப்பெயர் உறுதி அளிப்பதில்லை.

காரணம், ஒரே பெயரை இரு கொடிகள் பகிர்ந்துகொண்டிருப்பதேயாகும். தமிழகத்திலும் கேரளத்திலும் நிலப்பூசணி, பால்முதுக்கன் என்ற பெயர்களால் அறியப்படுவது ஐப்போமியா மௌரிஷியானா என்னும் பல்லாண்டுக் கொடி. பழைய நூல்கள் இதனை ஐப்போமியா டிஜிடேட்டா என்று குறிப்பிடும். சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது இது. தக்காணத்திலும் வட இந்தியாவிலும் அதே பெயரிலோ, விதாரி என்னும் பெயரிலோ வழங்குவது பெரும்பாலும் பியூரேரியா டியூபரோசா; இது அவரைக் குடும்பத்துக் கொடி. இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை. நிலத்தடியில் பூசணிபோல் பருத்த கிழங்கு உண்டு என்பது மட்டுமே பொது.

இந்திய ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பு நூல் இவற்றைத் தனித்தனி மருந்துகளாகவே பிரிக்கிறது. அவரைக் குடும்பக் கொடி விதாரி. பால் வடியும் கொடி க்ஷீரவிதாரி. கேரள வைத்தியர்களோ விதாரி கூறப்படும் இடத்திலும் பால்முதுக்கனையே சேர்ப்பது வழக்கம். சியவனப்பிராசம் முதலிய லேகியங்களில் விதாரி இடம்பெறுவதால், இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கிழங்கு தோண்டுவோர், வாங்குவோர், நாற்று வழங்குவோர் அனைவரையும் அது தொடுகிறது.

அடையாளம்

உலர்ந்த வில்லையில் காண இயலாத வேறுபாடு, உயிருள்ள கொடியில் ஒரு பார்வையிலேயே புலப்படும். பால்முதுக்கனின் இலை, விரித்த கைபோல் ஐந்து முதல் ஏழு மடல்களாகப் பிளந்திருக்கும். மலர் புனல் வடிவம். நிறம் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. விதைகளைச் சுற்றிப் பஞ்சு போன்ற நீண்ட மயிர் உண்டு. இலைக்காம்பையோ கிழங்கையோ கீறினால் பால் கசியும். பியூரேரியாவில் முருக்க மரத்துக்குள்ளது போன்ற மூவிலை, அவரைப் பூவை ஒத்த நீலநிறப் பூங்கொத்து, மயிரடர்ந்த தட்டைக் காய் ஆகியவற்றைக் காணலாம்.

இலையும் பூவும் இல்லாத காலத்தில் கிழங்கை மட்டும் கண்டு முடிவு கூறுதல் தவறு. கிழங்கு தோண்டுவோர் பெரும்பாலும் அக்காலத்தில்தான் காட்டுக்குச் செல்கின்றனர் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு.

உருளைக்கிழங்கு தண்டின் திரிபு. அதன் கண்கள் யாவும் மொட்டுகளே. எனவே கண்ணுள்ள எந்தத் துண்டை நட்டாலும் முளைக்கும். பால்முதுக்கனின் கிழங்கோ பருத்த வேர். அதில் கண்கள் இல்லை. தளிர்கள் கொடியும் வேரும் கூடும் தலைப்பகுதியிலிருந்தே எளிதில் தோன்றுகின்றன. காட்டில் கிழங்கு முழுவதும் அகழ்ந்து எடுக்கப்படும்போது இத்தலைப்பகுதியும் உடன் போய்விடுகிறது. அவ்விடத்தில் அக்கொடி மீண்டும் எழுவதற்கு, விதை விழுந்திருந்தாலன்றி, வழியில்லை. தலையை இரண்டு விரற்கடை அளவு கொடித் தண்டுடன் வெட்டி அதே குழியில் புதைத்துவிட்டால் அக்கொடி பிழைக்கும்.

பெருக்கும் முறை

விதை, கொடித்துண்டு, கிழங்கின் தலை என மூன்று வழிகளில் இதனைப் பெருக்கலாம். மூன்றும் ஒரே பயனைத் தருவதில்லை.

விதையின் மேலுறை கடினமானது. நீரை எளிதில் உள்ளே விடாது. பஞ்சை நீக்கி, முளை இருக்கும் புறத்தைத் தவிர்த்து, மறுபுறத்தை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்தல் வேண்டும். ஊறிப் பருத்த விதைகளை மட்டும் விதைப்பது நன்று. பருக்காதவற்றை மறுபடியும் தேய்க்கலாம். விதைநாற்றில் முதன்மை வேரே கிழங்காகத் திரள்கிறது. ஆதலால் ஆழமில்லாத பையில் நீண்ட காலம் வைத்திருந்தால் வேர் சுருண்டு கிழங்கு கோணலாகும். நான்கைந்து இலைகள் விட்டதும் நிலத்துக்கு மாற்றிவிடுதல் வேண்டும்.

கொடித்துண்டு முறை, சர்க்கரைவள்ளி பயிரிடுவோருக்குப் பழகிய முறையே. முற்றியும் முற்றாததுமான கொடியிலிருந்து மூன்று அல்லது நான்கு கணுக்கள் கொண்ட துண்டுகளை எடுத்து, வெட்டுவாயில் பால் வடிவது நின்றபின், இரு கணுக்கள் மண்ணுள் அமையுமாறு நட வேண்டும். மண்ணுள் உள்ள கணுக்களிலிருந்து வேர்கள் கிளம்பும். தலைகீழாக நட்டுவிடாதிருக்க, வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டிவைப்பது எளிய உபாயம். தாய்க்கொடியின் இயல்பு மாறாது கிடைப்பதால், அடையாளம் உறுதிசெய்யப்பட்ட ஒரு கொடியிலிருந்து நாற்றங்கால் உருவாக்குவதற்கு இம்முறையே சிறந்தது எனலாம்.

கணுவில் வேர்விடும் இவ்வாற்றல் எப்போதும் நன்மையே பயக்கும் என்பதற்கில்லை. ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, பெயரால் ஆமணக்கேயாயினும், பிறப்பால் ஐப்போமியா இனமே. வெட்டி எறிந்த துண்டுகூட ஈரம் கண்ட இடத்தில் வேரூன்றிவிடும் என்பதைப் பொதுப்பணித் துறையினருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கிழங்கின் தலையை நடுவோர் வெட்டுவாய்க்குச் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திய பின்னரே நடுதல் வேண்டும். ஈரக் காயத்துடன் மண்ணில் வைத்த கிழங்கு அழுகும்.

தக்காண நிலத்தில்

பால்முதுக்கன் மழை மிகுந்த கடலோரங்களையும் ஆற்றங்கரைகளையும் விரும்பும் கொடி. அல்வால் போன்ற மேட்டுநிலத்தில் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் பெய்கிறது. கருங்கல் சிதைந்து உண்டான, ‘சல்க்க’ எனப்படும் செம்மணல் நிலம் நீரைத் தேக்காது. கிழங்குக்கு இது ஏற்ற குணமே. ஆனால் மட்கிய எரு தாராளமாகச் சேர்த்தாலன்றி ஈரம் நிற்காது. கரிசல் கலந்த இடமாயின் உயர்ந்த மேட்டுப் பாத்தியிலேயே நட வேண்டும்.

முதல் மழைக்குப்பின் நட்டு, பந்தலிலோ வேலியிலோ கொடியை ஏற்றிவிடலாம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கொடி வாடக்கூடும். இது நோயன்று, ஓய்வு. இதனை அறியாமல் நாள்தோறும் நீர் ஊற்றுவதாலேயே வீட்டுத் தோட்டங்களில் பல கிழங்குகள் அழிகின்றன. ஓய்வுக் காலத்தில் நீரைக் குறைத்து, கோடையின் முடிவில் தளிர் கண்டபின் பாய்ச்சுதல் போதுமானது. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள், இலை உதிர்ந்த பருவத்தில் கிழங்கை அகழலாம். நான்கு மாதத்தில் பலன் தரும் சர்க்கரைவள்ளிக்குப் பழகிய சிறு விவசாயி இவ்வளவு காலம் காத்திருப்பதற்குத் தயங்குவது இயல்பே. வேலியோரக் கொடியாகவே தொடங்குமாறு அவருக்குக் கூறுவது நேர்மையான யோசனையாகும்.

சர்க்கரைவள்ளியும் இயல்பில் பல்லாண்டுக் கொடியே. உழவர்தான் அதனை ஓராண்டுக்குட்பட்ட பயிராக்கியுள்ளனர். 1963இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அதில் பல இரகங்களை அளித்துள்ளது. 2017இல் வெளிவந்த ‘பூ சோனா’ 100 கிராம் கிழங்கில் 14 மில்லிகிராம் பீட்டா-கரோட்டீன் கொண்டது. வழக்கமான இரகங்களில் அது 2 முதல் 3 மில்லிகிராம் அளவே. தேர்ந்த கொடியின் துண்டுகள் உழவர்தோறும் பரவியதாலேயே இத்தகைய பயன் நிலத்தை அடைகிறது. பால்முதுக்கனுக்கு அத்தகைய தேர்வு பெரிய அளவில் நிகழவில்லை.

2000இல் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியத்தின் நோக்கங்களில் மூலிகைப் பயிரிடுதலை ஊக்குவிப்பதும் ஒன்று. ஐதராபாதின் கிழக்குப் பகுதியான போடுப்பலில் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமும் உள்ளது. நாற்று வழங்கும் அலுவலர்கள் பதிவேட்டில் ‘நேல கும்மடி’ என்று மட்டும் எழுதாமல், தாவரவியல் பெயரையும், தாய்க்கொடி பூத்தபோது அடையாளம் காணப்பட்டதா என்பதையும் குறித்தல் வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சர்க்கரைவள்ளியைத் துளைக்கும் கூன்வண்டு இவ்வினத்துக் காட்டுக்கொடிகளிலும் தங்கி வாழவல்லது. சர்க்கரைவள்ளி பயிராகும் ஊர்களில் பால்முதுக்கனை அவ்வயல்களின் வரப்பில் ஏற்றாமல், சற்றுத் தொலைவிலுள்ள வீட்டு வேலிகளில் நடுவதே தக்கது. நடும் துண்டுகளையும் வண்டு தாக்காத கொடியிலிருந்தே எடுக்க வேண்டும்.