தாதி வரும்போது வீடு பூட்டியிருக்கலாமா?



இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். வீட்டுக்கு அனுப்பியதும் வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அது 20 கட்டை தள்ளி வேறொரு தோட்டம். மறுநாள் கிளினிக் தாதி புருஷன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பூட்டுத்தான் தொங்குகிறது; புருஷன் வேலைக்காட்டில். அங்கே அம்மா வீட்டில், நாலாம் நாள் குழந்தையின் முகம் மஞ்சளாக இருக்கிறது. "காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்கிறார் பாட்டி. பார்த்துச் சொல்ல வேண்டிய தாதியோ பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறார்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. போன இடத்தை யாரும் கிளினிக்குக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் மலேசியாவில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அரசாங்கத் தாதி தேடி வருகிறார். முதல் பத்து நாளில் பல தடவை வருவார். 20-ஆம் நாள் வரை இது தொடரும். ஒரு மாதத்தில் தாயும் பிள்ளையும் கிளினிக்குக்குப் போக வேண்டும். இது யாரும் போடும் பிச்சை இல்லை, உங்கள் உரிமை. ஆனால் உரிமை வீடு தேடி வர, வீடு எங்கே என்று தெரிய வேண்டாமா?

மஞ்சள் காமாலையை இலேசாக எண்ணாதீர்கள். பிறந்த பிள்ளைகள் பலருக்கு இரண்டு மூன்று நாளில் மஞ்சள் வரும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஆனால் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். காது கேளாமல் போகலாம், கைகால் முடங்கலாம், உயிரே போகலாம். வெயிலில் காட்டுவது வைத்தியம் ஆகாது. சர்க்கரைத் தண்ணீரும் நாட்டு மருந்தும் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மஞ்சள் எவ்வளவு என்பதை இரத்தம் சோதித்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். கூடினால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைத்து இறக்குவார்கள்.

பிறந்ததும் செய்த ஜி-6-பி-டி சோதனையின் முடிவையும் கேட்டு வையுங்கள். அந்தக் குறை உள்ள பிள்ளைக்குத் துணிப்பெட்டியில் போடும் பூச்சி உருண்டையின் நெடிகூட ஆபத்து. இரத்தம் உடைந்து மஞ்சள் ஏறிவிடும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. கர்ப்பம் என்று தெரிந்ததும், 12 வாரத்துக்குள் கிளினிக்கில் பதியுங்கள். அங்கே கொடுக்கும் பிங்க் புத்தகத்தை எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஒட்டும் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி; "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

2. அடுத்த தேதியைப் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அன்று போக முடியாவிட்டால் முன்னதாகவே கிளினிக்குக்குப் போன் செய்து வேறு தேதி கேளுங்கள். "ஒரு நாள் போகலேன்னா என்ன?" என்று விட்டுவிட்டால், இரத்தக் கொதிப்பு ஏறுவது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

3. ஏழாம் மாதமே முடிவு செய்யுங்கள்: பிள்ளை பெற்றபின் எங்கே தங்கப் போகிறோம்? அம்மா வீடு என்றால் அந்த விலாசத்தையும் போன் நம்பரையும் தாதியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், வீட்டு எண், "கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது லயம்" என்று அடையாளமும் வேண்டும்.

4. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்றே, தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தகவல் கொடுங்கள். இதைத் தகப்பனோ தாத்தாவோ செய்யலாம்.

5. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவிடம் தாதி வருவார் என்று சொல்லி வையுங்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். "தீட்டு கழியட்டும்" என்று அவரை வெளியே நிறுத்தாதீர்கள். பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் துணி விலக்கிக் காட்டுங்கள். தையல் வலி, மார்பு வலி, மனச்சோர்வு எதுவானாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தாதி வரும்வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் வயிறு, கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்க்கு இரத்தம் அதிகமாகப் போனாலும், காய்ச்சல், கடும் தலைவலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்றாலும் அப்படியே. வண்டி இல்லையென்றால் 999-க்குப் போன் செய்யுங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், தாய்க்கு 98 நாள் பிரசவ விடுமுறை. மணமான தகப்பனுக்கும் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுமுறை. ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை கிடைக்கும். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே தோட்ட ஆபீசில் சொல்லிவிடுங்கள். தாதி அதிகம் வரும் நாட்கள் இவைதான். அந்த விடுமுறையில் நீங்கள் வீட்டில் இருந்தால், கதவு திறக்கவும் ஆள் உண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடவும் ஆள் உண்டு.

இந்த மாதம் உங்கள் லயத்தில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாரா? இன்று சாயங்காலமே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை பெத்தா எங்கேம்மா இருப்பே? தாதிக்குச் சொல்லிட்டியா?"