பன்னிரண்டடி அறை செய்த பாவம்

கம்பத்திலிருந்து தேனி வரை எந்த டீக்கடையில் நின்றாலும் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். அதன் பின் அட்டையைத் திருப்பினால் ராகு காலம், எமகண்டம், பல்லி விழும் பலன் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே மனையடி சாஸ்திரமும் இருக்கும். அறையின் உள்கூடு 6 அடியானால் நல்லது, 7 ஆகாது. 8 நல்லது, 9 ஆகாது. 10, 11 நல்லவை. 12, 13, 14, 15 நான்குமே ஆகாதவை. 16, 17 மறுபடி நல்லவை. பலன்களின் வாசகம் காலண்டருக்குக் காலண்டர் மாறும்; இந்த வரிசை பெரும்பாலும் மாறாது.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் முளை அடித்துக் கயிறு கட்டும் நாளில் யாரும் சிரிப்பதில்லை. இன்ஜினியர் வரைந்து கொடுத்த பிளானில் அறை பன்னிரண்டுக்குப் பத்து என்று இருக்கும். வீட்டுக்காரரின் மாமனார் பிளானை வாங்கிப் பார்ப்பார். மேஸ்திரி தலையைச் சொறிவார். "பன்னெண்டு வேணாம்ணே, பதினொண்ணாக்கிருவோம்" என்பார். ஐந்து நிமிடத்தில் கயிறு ஓரடி உள்ளே நகரும். அந்த ஓரடி எங்கே போனது, அதற்கு அப்பால் இருக்கும் அறைக்கு என்ன ஆகும் என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

பத்து சென்ட் தோப்பில் வீடு கட்டுகிறவருக்கு இது வெறும் விளையாட்டு. அவர் ஓரடி கூட்டலாம், இரண்டடி குறைக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் இன்று கைமாறும் மனைகள் அப்படிப்பட்டவை அல்ல. இரு பக்கமும் மலை. நடுவில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். மிச்சமிருக்கும் இடத்தில்தான் கூடலூரும் கம்பமும் சின்னமனூரும் வளர வேண்டும். அதனால் ஒன்றே முக்கால் சென்ட், இரண்டு சென்ட் என்றே பேச்சு நடக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இருபதுக்கு நாற்பது மனை என்றால் 800 சதுர அடி, இரண்டு சென்ட்டுக்கும் குறைவு. இங்கே ஓரடியை நகர்த்துவது விளையாட்டு இல்லை.

அந்த இருபதடி அகல மனையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மூன்றடிச் சந்து விட்டால் மிச்சம் 17 அடி. இரு புறமும் ஒன்பது அங்குலச் சுவர், அதற்கு ஒன்றரை அடி. உள்ளே கிடைப்பது பதினைந்தரை அடி. காலண்டரின்படி 11-க்கு மேல் 16 வரை நல்ல எண்ணே கிடையாது. பதினைந்தரை சரியாக அந்தப் பள்ளத்தில் போய் விழுகிறது! இருபதடி மனை வைத்திருப்பவர் எல்லோரும் என்ன பாவம் செய்தார்கள்?

உடனே பரிகாரம் சொல்ல ஆள் வருவார். "அரையடிதானே, சந்தில் எடுத்துக்கோங்க" என்பார். மூன்றடிச் சந்து இரண்டரை அடியாகும். வெளிப்பூச்சு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாம் போக, ஒரு ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத சந்து அது. விதிப்படி விட வேண்டிய அளவிலும் குறைந்தால், அனுமதி வாங்கிய வரைபடம் ஒன்று, கட்டிய வீடு வேறொன்று என்றாகிவிடும். ஹாலுக்குப் பதினாறடி பாக்கியம் கிடைக்கலாம், ஆனால் அதற்கு விலையாகப் போவது படுக்கையறை ஜன்னலின் காற்று.

இல்லை, குறுக்கே சுவர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றால் கதை இன்னும் மோசம். நாலரை அங்குலச் சுவர் போக மிஞ்சுவது 15 அடி ஒன்றரை அங்குலம். ஒன்பதும் ஆறுமாகப் பிரித்தால் அருமையான அமைப்பு: ஒன்பதடியில் படுக்கையறை, ஆறடியில் அடுக்களை. ஆனால் ஒன்பது ஆகாதாம். எட்டும் ஏழும்? ஏழு ஆகாதாம். ஆகவே எட்டும் ஆறும் என்று முடிவு செய்து, மிச்சம் ஓரடி ஒன்றரை அங்குலத்தைச் சுவரைத் தடிமனாக்கியோ எதற்கும் உதவாத அலமாரிப் பள்ளமாக்கியோ தொலைக்கிறார்கள். வீட்டின் நீளம் முப்பது அடி என்றால் அந்தப் பட்டை மட்டும் முப்பது சதுர அடிக்கு மேல். ஒரு குளியலறையோடு கூடிய கழிவறைக்குப் போதுமான இடம் அது.

இனி சாஸ்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டர், மற்றொன்று 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும். நம் கணக்கில் அது ஏறக்குறைய 102 சதுர அடியும் 81 சதுர அடியும். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். காலண்டர் இரண்டு தரம் திட்டும் ஒன்பதுக்கு ஒன்பது அறை 81 சதுர அடி, தேர்ச்சி. இரு பக்கமும் பாக்கியம் தரும் எட்டுக்குப் பத்து அறை 80 சதுர அடி, மயிரிழையில் தோல்வி. எல்லோருக்கும் பிடித்த பத்துக்குப் பத்து பெரிய அறைக்கே ஆகாது. இரண்டு சதுர அடி குறைகிறது. அடுக்களைக்குக் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், அதாவது ஆறடிக்குச் சற்றுக் கீழே. ஆறுக்கு ஒன்பது அடுக்களை அந்தத் தொகுப்பின் 5 சதுர மீட்டரைத் தொட்டுவிடும். அதிலும் ஒன்பது வருகிறது என்று யாராவது முகம் சுளிப்பார்கள்.

சரி, அந்த "அடி" யாருடைய அடி? மேஸ்திரியின் டேப்பில் இருப்பது 304.8 மில்லிமீட்டர் ஆங்கில அடி. இந்தத் துல்லிய அளவை 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் கூடி முடிவு செய்தன. நம் சிற்ப நூல்கள் இந்த அடியால் அளக்கவே இல்லை. விரலும் முழமும்தான் அவற்றின் அளவு. அதிலும் மயமதம் சொல்லும் முழம் ஒன்றல்ல. 24 விரல், 25 விரல், 26 விரல், 27 விரல் என நான்கு வகை. ஸ்தபதிகள் பார்க்கும் ஆயாதிக் கணக்கோ, அளவை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து மீதியைப் பார்ப்பது போன்ற தனிக் கணிதம். அதை நம்புவதா வேண்டாமா என்பது வேறு விவாதம். அதற்கென்று ஓர் ஒழுங்காவது இருக்கிறது. வீட்டுக்காரரின் காலடியையே அடியாக எடுக்க வேண்டும் என்பாரும் உண்டு. அப்படியானால் ஏழாம் நம்பர் செருப்புப் போடுகிறவருக்கும் பத்தாம் நம்பர் போடுகிறவருக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்?

இன்னும் ஒன்று. செங்கல்லுக்குச் செங்கல் சரியாகப் பதினோரு அடி வைத்தாலும், இரு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறியதும் அது பத்தடி பதினோரு அங்குலம். கெட்டிக்கார மேஸ்திரிகள் "பூச்சு போக" என்று சொல்லி முன்கூட்டியே ஓர் அங்குலம் சேர்த்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து வீட்டுக்காரர் அதே சுவரில் டைல்ஸ் ஒட்டும்போது பாக்கியம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று யாரும் டேப் பிடிப்பதில்லை. ஏழடி உயர நிலைக்கதவுக்கும் ஏழு என்பதற்காக யாரும் முகம் சுளிக்கக் காணோம். அவ்வளவுதான் இந்தப் பட்டியலின் கண்டிப்பு.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை.

தெற்கு பார்த்த மனை ஆகாது என்று பேரம் பேசுபவர்கள், விலை குறைகிறது என்றால் மட்டும் வாங்கிவிடுகிறார்கள், அவர்கள் புத்திசாலிகள். தேனி கிட்டத்தட்ட பத்தாவது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. மார்கழி நடுப்பகலில்கூடச் சூரியன் தெற்கு வானில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேடு போட்டால் அதற்குக் கீழே மூன்றடி ஜன்னலுக்கு உச்சி வெயில் படாது. நிழல் கொடுக்க எளிதான சுவர் தெற்குச் சுவர்தான். பிள்ளைகளை வாட்டுவது மேற்குச் சுவர். மாலை வெயில் படுத்துக்கொண்டு வரும், சன்ஷேடுக்கு அடங்காது.

தென்மேற்குக் கன்னி மூலையை மூடி வை, ஜன்னலே கூடாது என்பது இன்னொன்று. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கையே உலுக்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் எதற்காக அங்கே வந்தன? அந்தக் காற்றைக் காசாக்கத்தான். சின்ன வீட்டுக்கு அதே காற்று இலவசம். தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல், எதிர்ப்புறம் காற்று வெளியேற இன்னொன்று இருந்தால் போதும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டுக் காற்றே வரவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

பக்கத்து மனை காலியாகத்தானே கிடக்கிறது என்று எல்லைச் சுவரிலேயே ஜன்னல் வைப்பவர்களுக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வெளிச்சத்தையும் காற்றையும் தடையின்றி இருபது ஆண்டுகள் அனுபவித்தால்தான் அதில் உரிமை பிறக்கும். பத்தொன்பதாவது ஆண்டில் பக்கத்துக்காரர் சுவர் எழுப்பினால் அந்த ஜன்னல் புத்தக அலமாரிதான். சொந்தச் சந்து, இல்லையென்றால் சொந்த வெளிச்சக்குழி. வேறு வழி கிடையாது. மூன்றுக்கு ஆறு அடியில் வானம் பார்த்த ஒரு துளை விட்டாலும் நடு அறை இருட்டறை ஆகாது.

இரண்டு சென்ட்டில் குடும்பம் நடத்த முடியாது என்ற பேச்சுக்கு அரசாங்கமே பதில் சொல்லியாயிற்று. 2011-இல் அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடிக்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிவறை, தாழ்வாரம் எல்லாம் அடங்கின. கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. தாராளம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 800 சதுர அடி மனை வைத்துக்கொண்டு இடமில்லை என்று அழுவதற்கு வெட்கப்பட வேண்டும்.

சின்ன வீட்டுக்கு அனுமதி எதற்கு என்பதும் பழைய பேச்சு. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. சான்று சொல்வது வீட்டுக்காரரே. அதனால்தான் கயிறு கட்டும் நாளில் சந்தை அரையடி நகர்த்தும் யோசனைக்கு இப்போது கூடுதல் ஆபத்து. பொய்யான சான்றுக்குக் கீழே இருப்பது மாமனாரின் கையெழுத்து அல்ல. மலையடிவாரக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் பொருந்துமா என்பதையும் மனை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அப்படியானால் அளவை எங்கிருந்து எடுப்பது? வீட்டில் இருக்கும் சாமான்களிலிருந்து. கட்டில் ஆறரைக்கு ஐந்து. பீரோவின் ஆழம் இரண்டடி வைத்துக்கொள்ளலாம். அதன் கதவைத் திறந்து முன்னால் நிற்க இன்னும் இரண்டடி. அடுக்களை மேடை இரண்டடி. இவற்றைக் காலி மனையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, வீட்டுப் பெண்களை உள்ளே நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்பதடி அறையில் கட்டிலுக்கு இரு புறமும் இரண்டிரண்டு அடி கிடைப்பதை அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். படுக்கையறைகளைச் சந்துப் பக்கம் ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, அடுக்களையைப் பின்சுவர் ஜன்னலோடு சேர்த்தால் எந்த அறையும் இருட்டில் மாட்டாது.

மேற்குச் சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியின் வாகமனில், 1960-களில் லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் குடும்பத்தோடு வாழ்ந்தார். பின்னால் திருவனந்தபுரத்துக்குப் போய்ப் புகழ்பெற்றவர். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற சுவர் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துகிறார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்றங்குலக் காற்றுக்கூடு. சுவரின் தடிமன் அதே ஒன்பது அங்குலம், செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயில் உள்ளே இறங்குவதும் குறையும். ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் குமுளி ஏறி இறங்கும் ஊர் இது. ஆனால் அந்தச் சுவர் மட்டும் இன்னும் மலையிறங்கி வரவில்லை. சொன்னால் மேஸ்திரிகள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "உள்ளே எலி போயிராதாண்ணே?" போகாது. அடியிலும் உச்சியிலும் ஜன்னல் ஓரத்திலும் கட்டு நிறைவாக வருவதால் கூட்டுக்குள் நுழைய வாசலே கிடையாது. ஒயரிங் குழாய் எங்கே ஓட வேண்டும் என்பதை மட்டும் சுவர் எழும்பும் முன்பே குறித்துவிட வேண்டும்.