கூப்பிட்டதும் வரும் வேகம்

கண்ணு,

‘இன்னும் அரை வினாடி குறைக்க என்ன சார் செய்யணும்?’ என்று கேட்டு வீடியோவும் அனுப்பியிருந்தாய். இதே கேள்வியோடு வேறு ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பத்திரிகையில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. ஊரை மட்டும் மறைக்க மனசு வரவில்லை. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டு பிளாஸ்டிக் கப்பை எடுத்துக்கொண்டு, அவற்றை வேகமாக அடுக்கும் வெளிநாட்டுப் போட்டிக்குத் தயாராகிறாள் என்பதை நாலு பேர் படிக்கட்டுமே.

அரை வினாடி இருக்கட்டும். முதலில் உன் நேரம் எது? சைக்கிளை, அதாவது எல்லாக் கோபுரங்களையும் வரிசையாக அடுக்கி இறக்கும் முழுச் சுற்றை, 9.2 வினாடியில் முடித்ததாக எழுதியிருக்கிறாய். அது எப்போது வந்தது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுக்கி, கை நன்றாகச் சூடேறி, ஏதோ ஒரு தடவை எல்லாம் கூடிவந்தபோது. போட்டியில் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைக்காது. பெயரைக் கூப்பிடுவார்கள், மேசைக்குப் போவாய். ஒவ்வொரு அடுக்கு வகைக்கும் கை பழக இரண்டு தடவை, கணக்கில் வருவது மூன்று தடவை. மூன்றில் எது குறைவோ அதுதான் உன் பெயருக்கு நேராக ஏறும். மூன்றும் செல்லாமல் போனால் நேரமே கிடையாது. நூறு தடவையில் ஒரு தடவை வருவது உன் நேரமாகாது. கூப்பிட்டதும் எது வருகிறதோ, அதுதான் உன் நேரம்.

ஆகவே நாளையிலிருந்து இப்படிச் செய். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குடத்தில் தண்ணி பிடித்து வைத்து, கப்பைத் தொடாமல் ஒரு மணி நேரம் போனபிறகு மேசைக்குப் போ. இரண்டு தடவை பழகு. பிறகு மூன்று தடவை அடுக்கி மூன்றையும் நோட்டில் எழுது. விழுந்தால் ‘விழுந்தது’ என்று எழுது. நல்லதை மட்டும் எழுதி வைக்கும் பழக்கம் உனக்கு இருக்கிறது. வீடியோவிலும் நல்லதை மட்டும்தான் வெட்டி அனுப்பியிருந்தாய். எழுதி முடித்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடு, அதை எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எந்த அடுக்கில் கை தடுமாறுகிறது என்று நீயே சொல்வாய்.

மூன்று வாய்ப்பையும் ஒரே மாதிரி செலவழிக்காதே. முதல் தடவை, விழாமல் முடிப்பது ஒன்றுதான் வேலை. ஒரு நேரம் பதிவாகிவிட்டால் நெஞ்சு படபடப்பு பாதி இறங்கிவிடும். அப்புறம் உன் வழக்கமான வேகத்தில் ஒன்று, கொஞ்சம் துணிந்து ஒன்று. முதல் தடவையே பறந்து மூன்றையும் கோட்டைவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் மெதுவாக அடுக்குகிறவர்கள் இல்லை.

இனி உன் கை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறு கப் கோபுரத்துக்கு வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு எடுக்கிறாய், ஒன்று மேசையிலேயே நிற்கிறது. அது சரி. பிறகு வலம், இடம், வலம், இடம், வலம் என்று மாறிமாறி விடவேண்டும். உன் இடது கை அந்தத் தாளத்துக்கு வரவில்லை. வலது கை இரண்டாவதை விட்டபிறகும் அது தயங்கி நிற்கிறது. ஏன் என்று உன் கட்டைவிரலைப் பார்த்தால் தெரியும். நகம் வெளுத்துப் போயிருக்கிறது. அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் கப் எப்படிக் கழன்று வரும்? நீ உதறுகிறாய், அது சரிகிறது. கப்பைப் பிடிக்காதே, தாங்கு. ஒரு வாரம் இடது கையால் மட்டும் மெதுவாக அடுக்கிப் பழகு. சத்தத்தையும் கேள். நன்றாக அடுக்கும் கையில் கப் ‘டக் டக்’ என்று சன்னமாகத்தான் பேசும். உன் வீட்டில் இப்போது மளிகைக்கடையில் டின் உருளுகிற சத்தம் வருகிறது.

விழுவதற்கும் பயிற்சி வேண்டும். சரிந்த கப்பைச் சரிசெய்யாமல் அடுத்த அடுக்குக்குப் போனால் அந்தத் தடவை செல்லாது. கீழே தரையில் உருண்டாலும் கடிகாரம் உனக்காக நிற்காது. உன் தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் நினைத்தபோது ஒரு கப்பைத் தட்டிவிடச் சொல். அவனுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை இருக்காது. நீ முகம் சுளிக்காமல், ‘ச்சே’ சொல்லாமல், சரியாக அந்த ஒரு கப்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டுத் தொடர வேண்டும். விழுந்த கப்பால் போவது ஒரு வினாடி. பதற்றத்தில் பக்கத்துக் கோபுரத்தையும் தட்டிவிடுவதால் போவதுதான் அதிகம்.

உன் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. மரக்காணத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னலோரம் வைத்த கப்பில் கண்ணுக்குத் தெரியாமல் அது படியும். கடல் உப்போடு வரும் மெக்னீசியம் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. அதனால்தான் சாக்குப்பையில் வைத்த கல்லுப்பு மழை நாளில் கசிகிறது. அதே கசிவுதான் உன் கப்புக்குள்ளும். ஒன்றுக்குள் ஒன்று செருகியதும் பிசுக்கென்று ஒட்டிக்கொள்ளும். கப்பின் அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்களே, அது அலங்காரம் கிடையாது. வேகமாகச் செருகும்போது உள்ளே மாட்டும் காற்று வெளியேற வழி அது. அதில் அழுக்கு அடைத்தால் கப் தானாக எம்பி நிற்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில் கழுவி, நிழலில் கவிழ்த்துக் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வை. உப்புத்தண்ணிக் குழாயில் கழுவாதே.

தரையில் சம்மணம் போட்டு அடுக்குவதையும் விடு. போட்டியில் நின்றுகொண்டு மேசையில் அடுக்க வேண்டும்; தோளும் முழங்கையும் வேறு மாதிரி வேலை செய்யும். வீட்டில் மேசை இல்லையென்றால் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கேள். ஏசி ஹாலில் விரல் விறைக்கும், அதற்குக் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். கடிகார விரிப்பில் இரண்டு கையும் வைத்தால்தான் அது தயாராகும், முடித்துவிட்டு இரண்டு கையும் பட்டால்தான் நிற்கும். அவசரத்தில் ஒரு கை ஓரத்தில் பட்டு, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க, பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதைவிடக் கொடுமை ஒரு நடுவருக்கு இல்லை.

உன் தாத்தா, ‘டம்ளர் அடுக்குறது ஒரு விளையாட்டா?’ என்கிறாராம். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடு என்ற ஊரில், சிறுவர் மன்றம் ஒன்றில் வெய்ன் காடினெட் என்பவர் பிள்ளைகளுக்குப் பொழுதுபோகட்டும் என்று தொடங்கிவைத்தது இது. அதுவும் கடலோர ஊர்தான் என்று தாத்தாவிடம் சொல். 1990இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிள்ளைகள் வந்து அடுக்கிக் காட்டிய பிறகு நாடு முழுக்கத் தெரிந்தது. கொலராடோவில் பாப் ஃபாக்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். 2001இல் இதற்கென்று உலகச் சங்கம் வந்தது, விதிகள் வந்தன. இன்று கொரியா, தைவான், மலேசியாப் பிள்ளைகள் அமெரிக்கர்களுக்குச் சமமாக நிற்கிறார்கள். மலேசியாவின் சான் கெங் இயான் முழு சைக்கிளையும் 5 வினாடிக்குள் முடித்தவர். நீ ஒரு தடவை கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அவருடைய கப் எல்லாம் பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

கேரத்தையும் திண்ணை விளையாட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். சென்னைக்காரர் மரிய இருதயம் அதில் இருமுறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கினார். 2024இல் வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா அமெரிக்காவுக்குப் போய் மூன்று தங்கத்தோடு திரும்பினார். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கப் அடுக்கினால் உனக்கும் கோடி வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதே. ‘மூளையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும், கணக்கில் சென்டம் வரும்’ என்று நோட்டீஸ் அடிப்பவர்களையும் நம்பாதே. 2004இல் அமெரிக்காவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து வாரம் அடுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கண்ணும் கையும் சேர்ந்து இயங்குவதும் சட்டென்று வினையாற்றுவதும் மேம்பட்டிருந்தன. அவ்வளவுதான் அவர்கள் அளந்தார்கள். மார்க்கை யாரும் அளக்கவில்லை. கணக்குக்குக் கணக்குதான் போட வேண்டும்.

இங்கேதான் உன் அப்பாவும் இதைப் படிக்க வேண்டும். ‘சர்வதேச’ என்று போஸ்டர் அடிக்க நம் ஊரில் யாரும் தடுப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் நடத்தி, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மெடல் மாட்டி, ‘உலக சாதனை’ சான்றிதழை லேமினேட் செய்து கொடுத்து, கட்டணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 2022லிருந்து கொடுக்கும் உதவித்தொகை 5,000 ரூபாய். அதை அப்படியே நுழைவுக் கட்டணமாகக் கேட்கிற ஆளிடம் அப்பா நாலு கேள்வி கேட்கட்டும்: எத்தனை நாட்டிலிருந்து வருகிறார்கள்? நடுவர்கள் யாரிடம் பயிற்சி பெற்றவர்கள்? இங்கே பதிவாகிற நேரத்தை உலகச் சங்கத்தின் பட்டியலில் பார்க்க முடியுமா? தோற்றவர்களுக்கும் மெடல் உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால் பணத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான போட்டிக்கே போகிறோம் என்றாலும் பணம் சேர நாள் பிடிக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு தை மாதம் பாத்தி மிதிப்பதில் தொடங்கி ஐப்பசி மழையோடு முடிந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து அளமெல்லாம் தண்ணீரில் நின்றதே, அந்த மாதிரி வருஷத்தில் தைத் தொடக்கமும் தள்ளிப்போகும். அதனால் விண்ணப்பம், விமானச் சீட்டு எல்லாவற்றையும் சீசன் நடக்கும்போதே முடிக்கப் பாருங்கள். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு எழுதுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. பாஸ்போர்ட்டுக்கு இப்போதே போடுங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் எமன். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் விரித்த பெயர், போட்டிப் படிவத்தில் இன்னொன்று என்று இருந்தால் வயதுப் பிரிவு சரிபார்க்கும் மேசையில் நின்று அழ வேண்டியதுதான். கப்பைக் கைப்பையில் எடுத்துப் போ, பெரிய பெட்டியில் போடாதே.

அங்கே இறுதிச் சுற்றுக்கு நீ வரமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். 9.2 உன் வயதுப் பிரிவில் அந்த மேடைக்குப் போதாது. ஒரே நாளில் உன் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் ஊர் சுற்றக் கிளம்பிவிடாதே. முன் வரிசையில் உட்கார்ந்து பார். மேலே ஓடுகிற எண்ணைப் பார்க்காதே, கையைப் பார். பத்து கப் கோபுரத்துக்குப் போகும்போது கொரியப் பிள்ளை எங்கே மூச்சு விடுகிறது, கோபுரத்தை இறக்கும்போது உள்ளங்கை எந்தப் பக்கம் சாய்கிறது, விழுந்த பிறகு முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு வா. மொழி தெரியாவிட்டால் என்ன, கப்பை நீட்டினால் சொல்லிக்கொடுப்பார்கள். ரகசியம் காக்கிற பழக்கம் இந்த விளையாட்டில் அதிகம் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. இரட்டையர் பிரிவில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று, ஒருவர் இடது கையாலும் மற்றவர் வலது கையாலும் மட்டும் சேர்ந்து ஒரே சைக்கிளை முடிக்க வேண்டும். அதில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஆட ஒரு பிரிவு உண்டு. உன் கூட வருவதாக இருப்பது அம்மாதானே? சும்மா பையைப் பார்த்துக்கொண்டு உட்கார எதற்கு அவ்வளவு தூரம் வரவேண்டும்? அம்மாவும் விளையாடட்டும். மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது, அப்போது தொடங்குங்கள். உன் இடது கை தேறும்வரை அம்மாவை இடப்பக்கம் நிறுத்து. மாறிமாறி விடுவதை வாயால் எண்ணச் சொல்லிக்கொடு. நாள் முழுக்கத் தலைச்சுமையோடு வரப்பில் ஒரே தாளத்தில் நடக்கிறவர், தாளம் அவருக்குச் சீக்கிரம் பிடிபடும். விரல் வெடிப்பில் கப்பின் விளிம்பு உரசினால் எரியும், முதல் வாரம் அரை மணிக்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெயைப் பயிற்சி முடிந்த பிறகு தடவட்டும். முன்னாலேயே தடவினால் கப் வழுக்கும், பிறகு நீ அவரைத் திட்டுவாய், அவர் உன்னைத் திட்டுவார்.

அன்புடன்,
உன் பி.டி. சார்