வெம்மை நாட்டில் உலாவிடம் தேர்தல்

ஆண்டு முழுதும் உழைக்கும் மாந்தர்க்கு ஓய்வு நாள் ஒன்று வாய்க்குமாயின், அதனை மக்களோடும் முதியோரோடும் கூடி மகிழ்ந்து கழிக்க விரும்புதல் இயற்கையே. முற்காலத்தார் இவ்விருப்பத்தைத் திருவிழாக்களாலும் புதுப்புனல் ஆடலாலும் நிறைவேற்றிக் கொண்டனர். இற்றை நாளிலோ விளையாட்டுப் பூங்காக்களும், அருங்காட்சியகங்களும், நீர்விளையாட்டு அரங்குகளும் எங்கும் பல்கிவிட்டன. இடங்கள் பெருகப் பெருக, அவற்றுள் ஒன்றைத் தேரும் இடர்ப்பாடும் பெருகுகின்றது. "எங்கே போகலாம்?" என்பதே எவ்வீட்டிலும் எழும் முதல் வினா. ஆயின் வெயில் மிக்க நாட்டில் வாழ்வார் முதற்கண் கேட்கத்தக்க வினா அஃதன்று, "எப்பொழுது போகலாம்?" என்பதே அது. இவ்வுண்மையை நம் பொருநைக் கரைப் பேட்டையை வைத்தும், பாலைநிலத்துப் பெருநகர் ஒன்றை ஒப்புமைக்கு எடுத்தும் ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் பொழுதும்

தமிழ் பயிலும் மாணவர் யாவரும் தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் மூவகைப் பொருளை அறிவர். அவற்றுள் முதற்பொருள் என்பது நிலம் மட்டும் அன்று. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். மருதத்திற்கு வைகறையும் விடியலும், முல்லைக்கு மாலையும், பாலைக்கு நண்பகலும் உரிய சிறுபொழுதுகளாம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதும், குறிஞ்சியும் முல்லையும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதும் நாம் வகுப்பிற் கற்பனவே. ஆகவே, நிலத்தைப் பாலையாக்குவது பொழுதே என்பது பெறப்படும்.

இதனை ஏட்டில் மட்டும் அன்றிப் பேட்டையிலும் காணலாம். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாயால் வளம் பெறும் வயல்கள் நிறைந்த பகுதி இது. சித்திரைத் திங்களிலும் வைகறையில் ஆற்றங்கரையை அடைந்து நிற்பார்க்கு இது குளிர்ந்த மருதமே. அதே கரையில் நண்பகலில் நின்று பாருங்கள். மணல் காலைச் சுடும். காற்று முகத்தைச் சுடும். காக்கையும் நிழல் தேடி ஒடுங்கும். கோடையில் பாளையங்கோட்டையின் வெப்பம் 100 பாகை பாரன்ஹீட்டைக் கடந்ததென்று செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் படிக்கின்றோம். எனவே ஓர் ஊரே ஒரு நாளில் மருதமும் ஆகிப் பாலையும் ஆகின்றது. இதனை மறந்து உலாப்போவார் படும் பாட்டிற்கு யான் கண்ட சான்று ஒன்று கூறுவல்.

2. முப்பது நாளில் ஒரு நாள்

எம் தெருவிலுள்ள குடும்பம் ஒன்றின் தலைவர் துபாய் நகரில் பணிபுரிபவர். ஆண்டிற்கு 30 நாளே அவர்க்கு விடுமுறை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஒருமுறை சித்திரை இறுதியில் ஊர் வந்தார். ஒரே நாளில் ஆதிச்சநல்லூரின் பழம்பொருட்களைக் கண்டு, காயல்பட்டினத்து உறவினர் வீட்டில் உண்டு, மாலையிற் கடற்கரையில் இருந்து மீள்வதென்று திட்டமிட்டார். வாடகை வண்டி வருவதற்குள் பொழுது ஏறிவிட்டது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் அவர்கள் இறங்கியபோது உச்சிவேளை. சிறிது நேரத்தில் அவருடைய தாயார் தலைசுற்றி அமர்ந்தார், கடைக்குட்டி வாந்தியெடுத்தது. அருகிலிருந்தோர் நிழலில் இருத்தி, நீர் தெளித்து, மோர் கொடுத்து உதவினர். கடலையும் காணாது, உறவினரையும் காணாது, பிற்பகலில் அனைவரும் வாடித் திரும்பினர். "பணம் போனது பெரிதன்று, முப்பது நாளில் ஒரு நாள் போயிற்றே!" என்று அவர் என்னிடம் வருந்தியது இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது.

அவ்விடத்தின் மேல் குற்றம் ஏதும் இல்லை. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பார் அகழ்ந்து, முதுமக்கட் தாழிகளை வெளிக்கொணர்ந்த அப்பரம்பு, தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் காணவேண்டிய இடமே. குற்றம் பொழுதின் மேலது. இரு நாட் கழித்து, திட்டம் ஏதுமின்றி, அக்குடும்பத்தார் விடியலில் ஆற்றுப் படித்துறைக்குச் சென்று நீராடி, கட்டுச்சோறு உண்டு, வெயில் ஏறுமுன் இல்லம் மீண்டனர். அவர் மீண்டும் துபாய்க்குச் சென்ற பின், கடைக்குட்டி தொலைபேசியிற் கேட்டது இது ஒன்றே: "வாப்பா, அடுத்த தடவை வரும்போதும் விடியக்காலம் ஆத்துக்குப் போவோமா?"

3. பாலைநிலத்துப் பெருநகரின் முறை

அவர் பணிபுரியும் துபாயோ உண்மையாகவே பாலைநிலத்து நகரம். கோடைத் திங்களில் அதன் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடத்தல் வழக்கம். கடற்கரை ஊராதலின் காற்றில் ஈரமும் மிகுதி. வியர்வை உலரும்போதே உடல் குளிர்கின்றது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராதாகலின், அவ்வெம்மை உடலுக்கு இன்னும் கொடிதாகும். அத்தகைய நகரில் மக்கள் களிக்கும் இடங்கள் எங்ஙனம் நடைபெறுகின்றன? அந்நகரத்தார் மூன்று முறைகளைக் கைக்கொண்டுள்ளனர்.

முதலாவது, பருவம் பார்த்து வாயில் திறத்தல். பல நாட்டுக் கடைகளும் ஆடலரங்குகளும் நிறைந்த குளோபல் வில்லேஜ் என்னும் பொருட்காட்சி அக்டோபர் நடுவில் தொடங்கி, கோடை முற்றுமுன் முடிவுறும். 2013-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மிராக்கிள் கார்டன் என்னும் மலர்ப்பூங்காவும் கோடையில் அடைக்கப்படும். இரண்டாவது, கூரை வேய்ந்து உள்ளே குளிரூட்டல். 2005-இல் அமைந்த ஸ்கீ துபாய் அரங்கில் பனி பரப்பிச் சறுக்கி விளையாடுகின்றனர். அண்டை நகராகிய அபுதாபியில் 2010-இல் திறந்த பெராரி வேர்ல்டு பூங்காவின் பெரும்பகுதியும் ஒரு பெருங்கூரையின் கீழதே. மூன்றாவது, வேளையை மாற்றல். முற்கூறிய பொருட்காட்சி மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை நடைபெறுவது. உலாவுவார்க்கு மட்டும் அன்றி உழைப்பார்க்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை அந்நாட்டுச் சட்டமே ஒப்புகின்றது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் தொழிலாளரை வேலைவாங்குதல் அங்கு விலக்கப்பட்டுளது.

பெருஞ்செல்வம் படைத்த நகரமும் நண்பகலை வென்றிலது. அதற்கு வழிவிட்டே வாழ்கின்றது. இங்ஙனமாக, நம்மவருள் துபாய் காணச் செல்வோர் பலர் பள்ளி விடுமுறையாகிய மே திங்களிலேயே செல்கின்றனர். அவர்கள் பெயர்பெற்ற பூங்கா எது என்று கேட்குமுன், நாம் செல்லும் நாளில் அது திறந்திருக்குமா, திறந்திருப்பினும் கூரையுடையதா என்று கேட்டல் வேண்டும். அன்றேல் அடைத்த வாயிலைக் கண்டு மீள நேரும்.

4. நம் பள்ளத்தாக்கின் பருவங்கள்

பொருநை நாட்டிலும் ஒவ்வொரு பருவத்திற்கும் ஓர் இடம் உண்டு. ஈண்டுச் சிலவற்றைச் சுட்டுவாம்.

தை முதல் பங்குனி வரை கூந்தன்குளம் காணத்தக்கது. நாங்குநேரியை அடுத்த அக்குளம் 1994-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. பின்னர் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நாரையும் கூழைக்கடாவும் அங்குள்ள சிற்றூரின் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தம் விருந்தினராய்ப் போற்றுகின்றனர். காலையே அதற்கு ஏற்ற வேளை.

சித்திரையும் வைகாசியும் விடுமுறைக் காலம். அவையே வெம்மையின் முதிர்ச்சியும் ஆம். அப்பொழுது வைகறையில் ஆற்றங்கரை, பகலில் கூரையுள்ள இடம், மாலையில் கோயில் அல்லது பூங்கா எனப் பகுத்துக் கொள்ளுதல் நன்று. கொக்கிரகுளத்தில் 1987-இல் நிறுவப்பெற்ற மாவட்ட அறிவியல் மையமும், பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகமும் சிறுவர்க்குக் களிப்போடு கல்வியும் தருவன. நெல்லையப்பர் கோயிலின் கல் மண்டபங்களும் இசைத்தூண்களும் மாலையிற் காணத்தக்கன. உச்சிக்காலம் கழிந்ததும் நடை அடைத்து மாலையில் திறக்கும் கோயில் வழக்கமே, பொழுதறிந்து செல்லுமாறு நம் முன்னோரைப் பழக்கியது போலும்.

ஆனி, ஆடி, ஆவணி குற்றாலத்திற்கு உரியன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையின் அப்புறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு வருதலின், நெல்லைக்கு அது வறண்ட காற்றாகவே வந்து சேர்கின்றது. ஆனால் ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகும் காற்று, செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் ஆகிய இடங்களில் சாரலாய்ப் பொழிகின்றது. ஆதலின் பேட்டையில் அனற்காற்று வீசும் அதே நாளில் குற்றாலத்தில் உடல் நடுங்கும். பேட்டை வழியே செங்கோட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என வயல்களையும் மலையையும் கண்டு செல்லும் பயணமே சிறுவர்க்குப் பாதி விழாவாகும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பொருநை பெருகி ஊருட் புகுந்ததை நாம் மறக்கவொண்ணாது. அக்காலத்தில் ஆற்றை விடுத்து, கிருட்டிணபுரத்துச் சிற்பங்கள் போன்றவற்றை நாடுதலே தக்கது. சித்திரையில் உச்சிவெயிலுக்கு அஞ்சிச் செல்லாத ஆதிச்சநல்லூரையும் இம்மாதங்களில் மழை ஓய்ந்த நாளில் அமைதியாகக் காணலாம்.

5. தண்ணீரும் அச்சம் தருவதே

வெம்மைக்கு அஞ்சுவார் நீரை நாடுவர்; நீரிலும் பொழுதறியாமை உயிர்க்கு இறுதியாகும். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பெருகியதில், நம் நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அருவியின் அடியில் நிற்பார்க்கு மலைமேல் பெய்யும் மழை தெரியாது. நீர் நிறம் மாறிக் கலங்கினாலும், ஓசை மிகுந்தாலும், இலையும் சருகும் மிதந்து வந்தாலும், அக்கணமே கரையேறல் வேண்டும். காவலர் தடுக்கும் நாளில் அவரோடு வாதிடுதல் அறிவுடைமை அன்று.

ஆற்றிலும் அங்ஙனமே. மணல் அள்ளப்பட்ட பள்ளங்கள் மேலிருந்து பார்ப்பார்க்குத் தோன்றா. அணையில் நீர் திறக்கப்பட்டால் மட்டம் விரைந்து ஏறும். ஆகலின் ஊரார் நாளும் நீராடும் படித்துறையிலேயே இறங்குக; அறியாத துறையில் இறங்கற்க; சிறுவரின் கையை விடற்க.

6. தளர்ந்தாரே அளவுகோல்

குடும்பத்தோடு செல்லும் உலாவில் யாருக்கு ஏற்ப இடம் தேர்வது? வலிய இளைஞனுக்கு ஏற்பவா? அன்று. உடன்வருவோருள் மிகத் தளர்ந்தவர் எவரோ, அவரே அளவுகோல். குழந்தையின் உடல் விரைவில் சூடேறும். முதியோர்க்கோ உடலில் நீர் வற்றினும் தாகம் தோன்றாதொழிதல் உண்டு. ஆதலின் கேளாமலே இருவர்க்கும் நீர் கொடுத்துக்கொண்டிருத்தல் கடன். மோர், பதநீர், நுங்கு, இளநீர் என வெயிற்காலத்து உணவை நம் நாடே அளித்துளது. எவரேனும் பிதற்றத் தொடங்கினாலோ, அறிவு மயங்கினாலோ, உடல் கொதித்தாலோ, அது வெறும் களைப்பு அன்று. உடனே நிழலிற் கிடத்தி, நீரால் உடலை நனைத்துக் காற்று வீசி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மயங்கினார் வாயில் நீர் ஊற்றலாகாது. அடைத்த மோட்டார் வண்டியில் குழந்தையை இமைப்பொழுதும் தனியே விடலாகாது.

இயந்திர விளையாட்டுகள் பலவற்றிற்கு உயர வரம்பு உண்டு. அதனை முன்னரே அறியாது சென்றால், அண்ணன் ஏற, தம்பி வாயிலில் நின்று அழுவான். ஒருவன் களிக்க மற்றையோர் காத்திருக்கும் இடம், எத்துணைச் சிறந்ததாயினும், குடும்பத்திற்கு உரிய இடம் ஆகாது.

7. உரிப்பொருள்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். உலாப்போகுமுன் ஐந்து வினாக்களைக் கேட்க: பருவம் எது? வேளை எது? நீரும் நிழலும் உளவா? நம்முள் தளர்ந்தவர்க்கு அது தகுமா? யாவரும் கூடிக் களிக்கலாகுமா? இவ்வைந்திற்கும் விடை கிடைத்த பின்னரே இடத்தின் பெயரையும் செலவையும் எண்ணுக.

பாலைத்திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்பர் புலவர். பொருள்வயிற் பிரிந்து பாலைநிலத்து நகரங்களில் உழைப்போர் பேட்டையிலும் சுற்றுப்புறத்தும் பலர். அவர்க்கு ஓய்வு நாள் ஒவ்வொன்றும் எண்ணிப் பெற்ற செல்வம். அந்நாளைப் பெருங்கூட்டத்திலும் பெருவெயிலிலும் இழத்தலினும், ஒரு விடியலை ஆற்றங்கரையில் மக்களோடு கழித்தல் மேலாகும். தூரத்தாலும் கட்டணத்தாலும் உலாவின் சிறப்பை அளத்தல் இயலாது; மீண்டு வந்த பின் பிள்ளை எதனை நினைத்துக் கேட்கின்றதோ, அதுவே அளவு.

மாணவ நண்பர்காள்! நும்முட் பலர் நாளை வேற்று நாடுகளிற் பணிபுரியச் செல்வீர். எங்குச் சென்றாலும் நிலத்தோடு பொழுதையும் சேர்த்து எண்ணும் நம் முன்னோர் மரபை மறவாதீர். விடுமுறையில் ஊர் வருங்கால், நும்மை எதிர்நோக்கியிருக்கும் முதியோரையும் சிறாரையும் அழைத்துக்கொண்டு, கதிரவன் எழுமுன்னர்ப் புறப்படுக.